மூன்றாம் தெருவில் யாரும் இல்லை

சிப்பிக்காரன்பேட்டை மூன்றாம் தெருவுக்கு அநியாயம் நடந்தது. செய்தவர் பேராசிரியர் தர்மசேனன். செய்த விதம் ஒரே ஒரு வாக்கியம். "கால்வாயின் கீழ்க்கரையில் மூன்றாம் தெரு எனப்படும் நிலத்தில் யாரும் இல்லை." இதை அவர் எழுதியபோது அந்த நிலத்தில் நாற்பது வீடுகள் இருந்தன, நாற்பதிலும் அடுப்பு எரிந்தது, மாதாவுக்குக் கல்லடுக்கிக் கட்டிய ஒரு கெபி இருந்தது, ஒரு கைப்பம்பு இருந்தது, அந்தக் கைப்பம்பில் முதல் குடம் யாருடையது என்பதற்காக முகம் பார்த்துப் பேசாமல் போன இரண்டு குடும்பங்கள் இருந்தன, இத்தனையும் இருக்க, யாரும் இல்லை என்று அவர் எழுதினார், எழுதியதை ஓர் ஆய்விதழ் அச்சடித்தது, அச்சடித்ததை இன்னொருவர் எடுத்து எழுதினார், அவர் எழுதியதை வேறொருவர் எடுத்து எழுதினார், இப்படி அவர்கள் எழுத எழுத, இங்கே தெரு குறைந்துகொண்டே வந்தது.

முதலில் போனது கைப்பம்பின் கைப்பிடி. காயலான் கடையில் போட எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள், நினைத்ததில் தப்பில்லை. அடுத்துத் தெருப்பெயர்ப் பலகை போனது, அதற்கு மாநகராட்சியைத் திட்டினார்கள், அதிலும் தப்பில்லை. அதற்கடுத்து மாதா கெபியின் மணியிலிருந்து சத்தம் போனது. மணி இருந்தது, நாக்கு ஆடியது, கயிறு இழுத்தவர் கை வலித்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பிறகு ஒருநாள் காலை, அமலோற்பவம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு வாளியோடு திரும்பினால், ஏறி வந்த மாடிப்படி இல்லை.

"எம்மா, யாராச்சும் ஏணி கொண்டாங்கம்மா, எங்கூட்டுப் படி போய்ட்ச்சி!" என்று மேலே நின்று கத்தினாள்.

கீழே மீன் அலசிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்து, "உனுக்குமாடி? எனுக்குக் காலைலருந்து ஜன்னலக் காணம்" என்றாள், மறுபடியும் மீனை அலசினாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஜெசிந்தா. கருவாட்டுக் கிடங்கில் வேலை செய்யும் பிலோமினாவின் மகள், அந்தத் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் போன முதல் ஆள், படிப்பது நகரியல் முதுகலை, பேச்சில் யாரையும் விடுவதில்லை; சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அவள் கேட்ட கேள்விகளுக்காகவே ஒரு சிஸ்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதாகப் பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. முதல் பருவத்தில் அவளுக்கு 'ஆதாரம் தேடல், மதிப்பிடல், மேற்கோள் காட்டல்' என்று ஒரு தாள் இருந்தது. நடத்தியவர், வேறு யார், தர்மசேனன்தான். படிக்க வேண்டியவை என்று அவர் கொடுத்ததில் முதலாவதாக அவருடைய கட்டுரையே இருந்தது, ஜெசிந்தா அதை நூலகக் கணினியில் திறந்தாள், தன் தெருவின் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், அதே வரியின் முடிவுக்கு வந்ததும் அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். கட்டுரையின் கீழே, இதுவரை இதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஓர் எண் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணில் ஒன்று கூடியது. கூடிய கையோடு அவளுடைய போன் அடித்தது.

"ஜெசி, அம்மியக் காணம்டி" என்றாள் அம்மா. "இப்பதான் தேங்கா வெச்சேன். தேங்கா தரைல கீது, அம்மி இல்ல."

அன்று சாயங்காலம் தெருவைக் கூட்டி ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, மாதா முன்னால் மெழுகுவர்த்திகூடக் கூடுதலாக எரியவில்லை. கால்வாயில் ரசாயனம் நுரைத்து வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், மேம்பாலம் வரும் என்று பாதித் தூணைக் கட்டிவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள், கணக்கெடுக்க வந்தவர்கள் முதல் தெருவோடு டீ குடித்துத் திரும்பிப்போனதைப் பார்த்தவர்கள், எங்கோ ஒருவர் எழுதினால் இங்கே ஒன்று போகும் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். எப்போதும் அப்படித்தானே நடக்கிறது?

பிறகு அவர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். காலையில் எழுந்ததும் மற்ற ஊர்களில் மழை வருமா என்று பார்ப்பதுபோல மூன்றாம் தெருக்காரர்கள் போனை எடுத்து அந்த எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏறியிருந்தால் அவரவர் வீட்டுக்குள் ஒரு சுற்று வந்து எது குறைந்திருக்கிறது என்று தேடினார்கள். நிலைக்கதவு போனவர்கள் புடவையைக் கட்டித் தொங்கவிட்டார்கள், புடவை போனதும் பாயைக் கட்டினார்கள். கூரை போனவர்கள் பக்கத்து வீட்டில் ஒண்டினார்கள், பக்கத்து வீடு போனதும் இரண்டு குடும்பமும் சேர்ந்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்தன. கைப்பம்புக்காகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்களும் ஒரே அடுப்பில் சமைத்தன, பேசாமலேயே சமைத்தன, உப்பு வேண்டுமென்றால் இடையில் உட்கார்ந்த மூன்றாவது ஆளிடம் கேட்டு வாங்கின. முதல் தெருவில் ஒருவர் ஏணி வாடகைக்கு விட ஆரம்பித்தார். இரண்டாம் தெருக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள், பிறகு தண்ணீர் லாரியில் கூட்டம் கூடிவிட்டது என்று எரிச்சல்பட்டார்கள். கல்யாணத் தரகர், "பொண்ணு மூணாந்தெரு. வூடு இருக்காது, மத்தபடி நல்ல குடும்பம்" என்று சொல்லப் பழகினார். வார்டு கவுன்சிலர் வந்தார், தெருமுனையில் நின்று வெறும் தரையை மேலும் கீழும் பார்த்தார், "இல்லாத தெருவுக்கு நான் எப்படி லைட்டுப் போட முடியும், நீயே சொல்லும்மா" என்று ஜெசிந்தாவிடமே நியாயம் கேட்டார்.

"எங்களுக்கு ஓட்டு இருக்கில்ல?"

"ஓட்டு இருக்கு. போன வாட்டி வாங்கிட்டேனே."

திட்டுவதற்கு அவர்களுக்கு ஆட்கள் கிடைத்தார்கள், அது ஒன்றுதான் இதில் லாபம். யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஜெசிந்தா படித்துச் சொல்வாள், அன்று எதையாவது இழந்தவள் அந்த ஊரையே பிடித்துச் சபிப்பாள். "கோயம்புத்தூரா? எவன்டி கோயம்புத்தூர்ல எனுக்கு எதிரி? நான் தாம்பரம் தாண்டினதில்லயே!" என்று அமலோற்பவம் ஏணியில் பாதியில் நின்று கத்துவாள். அவள் கேட்டது சரியான கேள்வி. எழுதியவர்களில் ஒருவருக்கும் மூன்றாம் தெரு மேல் பகையில்லை. பகையிருந்தால் நேரில் வந்திருப்பார்கள், வந்திருந்தால் பார்த்திருப்பார்கள். கட்டுரையின் பின்னால் பெயர்கள் வரிசையாக இருந்தால் மதிப்பெண் கூடும் என்பதற்காக, இன்னொருவருடைய கட்டுரையின் பின்னாலிருந்த பெயர்களை அப்படியே அள்ளித் தன் கட்டுரையின் பின்னால் கொட்டிக்கொண்டவர்கள் அவர்கள். ஒரு வீட்டைக் காணாமல் அடிக்க அவர்களுக்கு ஆனது இரண்டு விரலும் அரை நிமிடமும்.

ஜெசிந்தாவின் வகுப்பிலேயே ஒருவன் இருந்தான், யுகேஷ். நல்லவன்தான். கேன்டீனில் அவளுக்கும் சேர்த்து டோக்கன் எடுப்பவன்.

"போன வாரக் கருத்தரங்கத்துல தர்மசேனன் சாரோட பேப்பரை மேற்கோள் போட்டியாடா?"

"ஆமா. ஏன்?"

"படிச்சியா?"

"எதை?"

"அந்தப் பேப்பரை."

"மேற்கோள் போட எதுக்குப் படிக்கணும்?" என்றான் யுகேஷ், நிஜமாகவே புரியாமல். "எல்லாரும் போடுறாங்க, போடலன்னா சார் கேப்பாரு."

"நீ போட்டதால எங்க பக்கத்து வீட்டுச் சுவர் போச்சு."

"ஐயோ. எவ்ளோ பெரிய சுவர்?"

அவனிடம் என்ன பேசுவது? அவள் அவனோடு மூன்று நாள் பேசவில்லை, டோக்கனையும் அவளே எடுத்தாள், அதனால் சுவர் திரும்பவில்லை.

முறைப்படி செய்ய வேண்டியதையெல்லாம் ஜெசிந்தா செய்து பார்த்தாள். போட்டோ எடுத்தாள், போட்டோவில் வெறும் தரை விழுந்தது, தரைக்கு மேலே அமலோற்பவத்தின் கோபமான முகம் மட்டும் ஏதோ சுவரொட்டி மாதிரி நின்றது. ஆய்விதழுக்கு மறுப்பு எழுதினாள். மறுப்புக்கு ஆதாரமாக ஏற்கெனவே வெளியான கட்டுரைகள் எவற்றையாவது இணைக்கும்படி பதில் வந்தது, வெளியான கட்டுரைகள் எல்லாமே தர்மசேனனைத்தான் சொல்லின. அவள் பின்னோக்கிப் போனாள். ஓர் ஆய்வேடு ஒரு திட்ட அறிக்கையைக் காட்டியது, அறிக்கை ஒரு கருத்தரங்கத் தொகுப்பைக் காட்டியது, தொகுப்பு ஒரு புத்தகத்தைக் காட்டியது, புத்தகம் தர்மசேனனைக் காட்டியது, தர்மசேனனின் இரண்டாவது கட்டுரையோ அந்தப் புத்தகத்தையே சான்றாகக் காட்டியது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விடும் பிள்ளைகள் வட்டமாகச் சுற்றுவதுபோல அது சுற்றியது, எஞ்சின் எது என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் முன்னால் இருக்கும் பிள்ளையைக் கை காட்டின.

கடைசியில் மாணவர் இதழில் அவளே ஒரு கட்டுரை எழுதினாள். அம்மா சொன்னது, அமலோற்பவம் சொன்னது, மணி அடிப்பவர் சொன்னது என்று பெயர் போட்டு, வயது போட்டு, எழுதினாள். யாரும் எடுத்து எழுதவில்லை. பாவம் பார்த்த தோழி ஒருத்தி மட்டும் தன் ஒப்படைப்பில் ஓரமாக மேற்கோள் காட்டினாள், அன்று மத்தியானம் அமலோற்பவத்தின் மொட்டைமாடி இருந்த இடத்தில், காற்றில், நீல நிறத் துணிக் கிளிப் ஒன்று வந்து நின்றது. தெருவே கூடி நின்று அதைப் பார்த்தது. கிளிப் என்றாலும் வந்தது வந்ததுதானே என்று சிலர் கை தட்டினார்கள்.

"நீ எழுதினா கிளிப்பு வருது. அந்தாளு எழுதினா வூடு போவுது" என்றாள் அமலோற்பவம். "அப்ப அந்தாளு வாயாலயே வரணும் பாப்பா. நாம சொல்றது எடை பத்தாது."

அதற்குள் நாற்பதில் முப்பத்தொன்பது வீடுகள் போய்விட்டன. மிச்சம் இருந்தது பிலோமினாவின் வீடு. அதில்தான் தெரு மொத்தமும் இருந்தது. அறைக்குள் பிள்ளைகள், அடுப்படியில் பெண்கள், வெளியே சுவரில் முதுகு சாய்த்து ஆண்கள், கூரையில் கோழிகள். அந்த வாரம் எண்ணில் ஒன்று கூடியது. எல்லோரும் தேடினார்கள், வீட்டில் எதுவும் குறையவில்லை, தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் ஒருத்தி சொன்னாள்: "பிலோமி, நீ காலைலருந்து இருமலயே."

கிடங்கின் உப்புத்தூளில் பிடித்த இருமல் அது. ஜெசிந்தாவின் வயதைவிட அதற்கு வயது கூட. அது போனதில் முதலில் எல்லோருக்கும் சந்தோஷம், ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்த மருந்துக்கெல்லாம் போகாதது ஒரு மேற்கோளில் போய்விட்டதே என்று சிரித்தார்கள்; சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். தர்மசேனன், வீடுகள் இல்லை என்று எழுதவில்லை. யாரும் இல்லை என்றுதான் எழுதியிருந்தார். வீடுகளை முடித்த வாக்கியம் இப்போது ஆட்களுக்கு வந்திருந்தது, பிலோமினாவிடமிருந்து தொடங்கியிருந்தது. அம்மா தொண்டையைத் தடவியபடி, இரும முயற்சி செய்துகொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் ஜெசிந்தாவின் வகுப்பு முழுவதும் கால்வாய்க் கரை மேம்பாடு பற்றி ஒப்படைப்பு தர வேண்டும். முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு பேரும் அதே கட்டுரையைக் காட்டுவார்கள்.

அவள் தர்மசேனனின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லவில்லை, அவளும் காத்திருக்கவில்லை, உட்கார்ந்தாள்.

"சார், நான் மூன்றாம் தெருவுல இருக்கேன்."

"எந்த மூன்றாம் தெரு?"

"நீங்க இல்லன்னு எழுதின மூன்றாம் தெரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்குன்னு சொல்றதுக்கு மேற்கோள் காட்டத்தக்க ஆதாரம் ஏதாவது வெச்சிருக்கியா?"

"நான்தான் சார் ஆதாரம். இதோ உக்காந்திருக்கேன்."

"நீ ஆதாரம் இல்லம்மா. நீ தரவு." அவர் கோபப்படவில்லை, பாடம் நடத்தும் குரலிலேயே சொன்னார். "தரவை யாராவது ஒருத்தர் திரட்டி, ஆராய்ந்து, வெளியிட்டாதான் அது ஆதாரம். முதல் வாரமே சொன்னேனே, நீ அன்னைக்கு வரலையா?"

"அன்னைக்கு எங்க வீட்டு வாசப்படி போச்சு சார். இறங்க லேட்டாயிருச்சு."

"என் கட்டுரைல பொய் ஒண்ணும் இல்ல. மத்தவங்க மாதிரி நான் காப்பியும் அடிக்கல. கடைசிப் பக்கத்துல குறிப்பு இருக்கு, அதைப் படிச்சியா, இல்லையா? படிக்காம வந்து வாதாடுற பழக்கம் எங்கேருந்து வந்துது உங்க பேட்ச்சுக்கு?"

அவள் படித்திருக்கவில்லை. நூலகத்தின் கோப்பில் கடைசிப் பக்கம் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி, அதுதான் அவளை மாடிப்படியில் இறங்கும் வழியெல்லாம் சுட்டது. அச்சு இதழைத் தேடி எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பொடி எழுத்தில் குறிப்பு இருந்தது: உள்ளூர்வாசி ஒருவர் ஆசிரியரிடம் நேரில் கூறியது.

உள்ளூர்வாசியா?

வீட்டுக்கு வந்து, ஆண் பெண் பிள்ளைகள் கோழிகள் எல்லோர் முன்னாலும் நின்று, "யாரு சொன்னது?" என்று கேட்டாள். "ஜோல்னாப் பை மாட்டிக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு ஆள் வந்து கேட்டப்ப, இங்க யாரும் இல்லன்னு சொன்னது யாரு?"

அப்புறம் அடுப்படியிலிருந்து சவரியம்மா, பிலோமினாவின் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான்தான்டி. இன்னா இப்ப?"

"பெரியம்மா!"

"கைல ஃபைலு வெச்சினு வந்தான். இங்க யாரு குடியிருக்கீங்கன்னு கேட்டான். யாரும் இல்லன்னேன். வேற இன்னா சொல்லுவாங்க?"

பேட்டையில் அது பழக்கம். கையில் ஃபைலோடு வருகிறவன் கரண்ட் கட் பண்ண வருகிறவனாக இருப்பான், சம்மன் கொண்டுவருகிறவனாக இருப்பான், போன மாதம் நடந்த அடிதடிக்கு ஆள் பிடிக்க வந்தவனாக இருப்பான், காலி பண்ணச் சொல்லிக் கையெழுத்து வாங்க வந்தவனாக இருப்பான். நல்லது எதுவும் ஃபைலில் வந்ததே இல்லை, அதனால் ஃபைலைக் கண்டால் யாரும் இல்லை என்று சொல்லிவிடுவது, முன்னால் நின்று சொல்வது, சத்தமாகச் சொல்வது. பேச்சு வந்த பிள்ளைகளுக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்து அங்கே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஜெசிந்தாவும் சொல்லியிருக்கிறாள், அப்பா கட்டிலுக்கு அடியில் இருக்கும்போது, கட்டில் மேலே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். எந்த ஃபைல்காரனும் அதை நம்பியதில்லை. நம்புகிற ஒருவன் வருவான் என்று பேட்டை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நீதான் எங்களையெல்லாம் இல்லாம அடிச்சியா?" என்று அமலோற்பவம் கரண்டியோடு எழுந்தாள். "எம்மாடிப்படி! எம்மாடிப்படியத் தின்னவளே!"

"நான் சொன்னா அவனுக்கு அறிவு எங்க போச்சு?" என்று சவரியம்மாவும் கத்தினாள். "படிச்சவன்தானே? சொல்றது யாருன்னு பாக்க வேணாம்? உன் மாடிப்படிய எழுதினவன் தின்னான், அவன்ட்ட போய் ஓங்குடி கரண்டிய!"

அடி விழுவதற்குள் பிலோமினா நடுவில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், இருமல் வர வேண்டிய இடத்தில் நின்றாள், அது வரவில்லை, சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குனிந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். கரண்டி கீழே இறங்கியது. பெரியம்மா கத்தியதையும், அந்தாளு வாயாலயே வரணும் என்று அமலோற்பவம் சொன்னதையும் ஜெசிந்தா நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மின்சார ரயிலில் நின்றுகொண்டே நினைத்தாள், பல்கலைக்கழக வாசலில் இறங்கி நடக்கும்போதும் நினைத்தாள், திருப்பித் திருப்பி வாதாடிப் பார்த்தாள், தர்மசேனன் பக்கம் நின்றும் வாதாடிப் பார்த்தாள்.

ஒப்படைப்பு நாள் வந்தது. மத்தியானம் பன்னிரண்டுக்கு இணையத்தில் வாசல் மூடிவிடும், அதற்குள் எல்லோரும் ஏற்ற வேண்டும், அதற்கு முந்தைய வகுப்பு தர்மசேனனுடையது. முப்பத்திரண்டு பேரும் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் கரும்பலகையில், ஓர் ஆதாரத்தை ஏற்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை என்று எழுதினார்: சொன்னது யார், எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார், சொன்னதைத் தெரிந்துகொள்ளும் இடத்தில் அவர் இருந்தாரா.

"சார், உங்க கட்டுரையையே எடுத்துப் பார்க்கலாமா?" என்று ஜெசிந்தா எழுந்தாள்.

சிலர் சிரித்தார்கள். "தாராளமா" என்றார் தர்மசேனன்.

"நீங்க அந்தத் தெருவுக்குப் போகவே இல்லன்னு ஒரு பேச்சு இருக்கு சார்."

சாக்பீஸ் நின்றது. "யார் பேசுறது?"

"உங்களை மேற்கோள் காட்டினவங்கள்ல ஒருத்தரும் போகல. அதனால நீங்களும் போயிருக்க மாட்டீங்கன்னு..."

"அவங்க போகல. நான் போனேன்." அவர் முகம் சிவந்தது, அது பொய்க் கோபம் இல்லை; சுற்றிச் சுற்றி ஓடிய அந்த ரயிலில் அங்கே நிஜமாகவே போனவர் அவர் ஒருவர்தான், இத்தனை வருடமாக அதை யாரும் கேட்டதில்லை. "மூணு பஸ் மாறி, வெயில்ல, அந்தக் கால்வாய் நாத்தத்துல நடந்து போனேன். உக்காந்த இடத்துல எழுதுறவன் இல்ல நான்."

"சந்தோஷம் சார். அப்ப அந்த உள்ளூர்வாசி?"

"நேருக்கு நேர் பேசின ஆள். ஒரு அம்மா."

"அவங்க அந்தப் பக்கமா நடந்து போனவங்களா இருக்கலாம் இல்லையா?" ஜெசிந்தா பலகையைக் காட்டினாள். "பஸ்ஸுக்கு நின்னவங்க, வழி தவறி வந்தவங்க, வேற பேட்டைக்காரங்க. அப்படின்னா நாலாவது கேள்வில உங்க ஆதாரம் தோத்துடுது. போற வழில யாரோ சொன்னதை நீங்க எழுதிட்டீங்க, நாங்க முப்பத்திரண்டு பேரும் அதை எடுத்து எழுதப்போறோம்."

"சார், போடலாமா வேணாமா?" என்றான் யுகேஷ் பின்னாலிருந்து, விரலைப் பொத்தானுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு. "அஞ்சு நிமிஷம்தான் இருக்கு சார்."

முப்பத்தொரு விரல்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஜெசிந்தா ஒப்படைப்பைத் திறக்கவே இல்லை, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இருமலுக்கு அடுத்து அம்மாவிடமிருந்து என்ன போகும் என்று நினைத்தாள்.

"வழிப்போக்கர் சொன்னதை ஆதாரமாப் போடுறதுக்கு நான் என்ன முதலாண்டு மாணவனா?" என்று தர்மசேனன் சாக்பீஸை மேசைமேல் அடித்து வைத்தார். "நல்லாக் கேட்டுக்கோ. அந்த அம்மா அந்தத் தெருவையே சேர்ந்தவங்க. பொறந்து வளந்தது அங்கதான்னு அவங்களே சொன்னாங்க. ஒரு கைல துடைப்பம், இடுப்புல ஒரு குழந்தை, பின்னால அடுப்புல மீன் குழம்பு கொதிக்குது, எதிர்ல ரெண்டு பேர் கைப்பம்பு கிட்ட சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க, மாடில ஒரு பொம்பள துணி காயப்போடுறா, எங்கேயோ மணி அடிக்குது, உள்ளேருந்து வேற யாரோ இருமுறாங்க, அந்தச் சத்தத்துக்கு மேல குரலை உயர்த்தி என்கிட்ட சொன்னாங்க, இங்க யாரும் இல்லைன்னு, அவங்க சொந்த வீட்டு வாசல்ல நின்னு."